நாபோத்தின் தோட்டம் யாரிடம் இருக்கிறது?

களியக்காவிளைக்கு அருகே, மாநில எல்லையை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து 58 வயதான ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தந்தை 1993-இல் உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். தாய் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவர்: கடிதம் எழுதியவர் ஒருவர், 1985-இல் நெய்யாற்றின்கரைப் பக்கம் மணமுடித்துக் கொடுக்கப்பட்ட அவருடைய அக்கா மற்றவர். சொத்து, வீடு இருக்கும் 20 சென்ட் உட்பட 2 ஏக்கர், பெரும்பகுதி ரப்பர். தந்தை இறந்து சில மாதங்களுக்குள், முழுச் சொத்தையும் மகனுக்கே எழுதிவைத்ததுபோல் முன்தேதியிட்ட ஓர் உயிலை ஆதாரம் (பத்திரம்) எழுதும் ஒருவரின் துணையோடு தயாரித்து, தந்தையின் கையெழுத்தைத் தாமே போட்டு, அதைக் காட்டிப் பட்டாவை மாற்றிக்கொண்டார். சாட்சியாகக் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். அந்தக் காகிதத்தைப் பார்த்த அக்கா, ‘அப்பாவுக்க கையெழுத்து இப்பிடி இருக்காது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. 2006-இல் 40 சென்ட் விற்கப்பட்டது. மீதி 160 சென்ட் இன்றும் இவர் கையில் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சாலை விபத்தில் இவருடைய ஒரே மகன் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தான். அதன் பின் நடந்த ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் இவர் கண்ணீரோடு தம் பாவத்தை அறிக்கையிட்டார். அவருடைய சபைப் போதகர் ஜெபித்து, ‘உங்கள் பாவம் சமுத்திரத்தின் ஆழத்தில் போடப்பட்டாயிற்று’ என்று ஆறுதல் கூறினார். ஆனால் வீட்டுக்கு வந்து ஜெபிக்கும் வேறொரு பிரசங்கியார், நாபோத்தின் திராட்சத்தோட்டக் கதையை வாசித்துக் காட்டி, தகப்பன் செய்த நில அநியாயத்துக்கு மகன் காலைக் கொடுத்திருக்கிறான் என்றும், சாபம் முறிய 10 சென்ட் நிலத்தை ஜெபவீட்டுக்கு எழுதிக் கொடுத்து, அந்த உயிலை ஜெபத்தில் வைத்து எரித்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மனைவியோ, தேவன் மன்னித்ததைத் தோண்டி எடுப்பது அவிசுவாசம் என்கிறார். கத்தோலிக்கரான மைத்துனர், பாவசங்கீர்த்தனம் செய்தாலும் பரிகாரம் செய்யாமல் தீராது என்கிறார்.

கேள்விகள் நான்கு. என் பாவத்துக்காகத் தேவன் மகனைத் தண்டித்தாரா? மன்னிப்புப் பெற்ற பிறகும் அக்காவிடம் சொல்ல வேண்டுமா? நிலத்தைச் சபைக்குக் கொடுத்தால் ஈடாகுமா? உண்மையைச் சொன்னால் சிறைக்குப் போவேனா? இவற்றோடு ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: ‘அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஸ்ரீதனம் மட்டும்தான் சட்டம், அதனால் நான் செய்தது முழு அநியாயம் அல்ல என்றும் சில நேரம் தோன்றுகிறது.’

அன்புள்ள ஐயா,

நான் போதகன் அல்லன். குழித்துறை, நாகர்கோவில் நீதிமன்றங்களில் சொத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன். ஆனால் உங்கள் கேள்விகளில் சட்டத்தையும் வேதத்தையும் தனித்தனியே பிரித்து எடுக்க முடியாது. நீங்கள் நம்பும் வேதமே நிலம், கையெழுத்து, பொய்ச்சாட்சி, ஈடு ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசுகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

மகனின் காலைத் தீர்ப்பாக வாசிக்காதீர்கள்

முதலில் உங்கள் மகனைப் பற்றி. அந்த இளைஞன் தன் உடலில் ஓர் இழப்பைச் சுமக்கிறான். அதற்கு மேல் ‘நீ உன் அப்பாவின் தண்டனை’ என்ற பொருளையும் அவன்மேல் ஏற்றிவைப்பது கொடுமை. அவன் காதில் அந்தப் பிரசங்கியாரின் பேச்சு விழுந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விழுந்திருந்தால் அதைத் திருத்த வேண்டியவர் நீங்கள்தான்.

பத்துக் கட்டளைகளில், பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிப்பதாக ஒரு வசனம் இருப்பது உண்மை. அதைக் காட்டித்தான் நம் பகுதியில் ‘தலைமுறைச் சாபம்’ என்ற பேச்சு நடக்கிறது. ஆனால் அதே வேதத்தில், பிதாக்கள் திராட்சக்காய் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்ற பழமொழியை இனி இஸ்ரவேலில் யாரும் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் ஆணையிடுகிறது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறது. பிறவிக் குருடனைக் காட்டி, ‘இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ’ என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போதும், இறந்தவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணாதீர்கள் என்றே சொன்னார். விபத்திலிருந்து பின்னோக்கிப் போய்ப் பாவத்தைக் கண்டுபிடிக்கும் வழியை அவர் அடைத்துவிட்டார்.

உடனே நீங்கள், உரியாவைச் சாகவைத்து அவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவை நினைப்பீர்கள். பத்சேபாளிடம் பிறந்த குழந்தை இறந்தது தகப்பனின் பாவத்தினால்தானே என்று கேட்கலாம். அந்தப் பகுதி கடினமானது. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் அங்கே அந்தத் தொடர்பைச் சொன்னவர் நாத்தான் தீர்க்கதரிசி. அவர் அரண்மனைக்கு வந்து அரசனுடைய முகத்துக்கு நேரே குற்றம் சாட்டியவர்; அதற்குக் கூலியாக நிலம் கேட்டவர் அல்லர். அவர் சொன்ன உவமையைக் கேட்ட தாவீது, தன்னைப் பற்றியது என்று அறியாமலேயே, பறிக்கப்பட்ட ஆட்டுக்குட்டிக்கு நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். உரியாவின் உயிருக்கு அப்படி ஈடு கொடுக்க வழியில்லை. உங்கள் அக்காவின் பங்குக்கு வழி இருக்கிறது. அந்த அத்தியாயத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

பிரசங்கியார் வாசிக்காமல் விட்ட பகுதி

நாபோத்தின் கதையை உங்களுக்குத் தேர்ந்தெடுத்தவர், தாம் அறியாமலே மிகப் பொருத்தமான கதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். முதலாம் இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தை ஒரு வழக்கறிஞன் வாசித்தால் அது கிட்டத்தட்ட ஒரு வழக்குக் கட்டுப்போலவே இருக்கும். ஆகாப் ராஜா நாபோத்தின் பிதிரார்ஜித நிலத்தை விரும்புகிறான். அவன் கொடுக்க மறுக்கிறான். அவன் மனைவி யேசபேல் ராஜாவின் பெயரால் கடிதம் எழுதி, ராஜாவின் முத்திரையையே போடுகிறாள். பொய்ச்சாட்சிகள் இருவர் அமர்த்தப்படுகிறார்கள். உரிமையாளன் கல்லெறிந்து கொல்லப்படுகிறான். ஆகாப் போய் நிலத்தைச் சுவாதீனப்படுத்திக்கொள்கிறான். உங்கள் கதையில் கொலை இல்லை. இன்னொருவர் பெயரால் எழுதப்பட்ட காகிதமும் இரண்டு சாட்சிகளும் இருக்கிறார்கள்.

எலியா தீர்க்கதரிசி வந்து கண்டித்ததும் ஆகாப் தன் உடைகளைக் கிழித்து, இரட்டு உடுத்தி, உபவாசமிருந்து, தாழ்மையாக நடந்துகொண்டான். தேவனும் அதைக் கவனித்து, அவன் நாட்களில் அந்தத் தீங்கை வரப்பண்ணாமல் அவனுடைய குமாரனின் நாட்களில் வரப்பண்ணுவேன் என்றார். பிரசங்கியார் உங்களைப் பயமுறுத்தியது இந்தக் கடைசி வரியைக் கொண்டுதான். அதன் முன்னும் பின்னும் உள்ளதை மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஆகாப் அழுதான், பட்டினி கிடந்தான், இரட்டிலே படுத்தான். ஆனால் தோட்டத்தை நாபோத்தின் வீட்டாருக்குத் திருப்பிக் கொடுத்தான் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. ஆண்டுகள் கழித்து, இரண்டாம் இராஜாக்கள் 9-இல், ஆகாபின் மகன் யோராம் கொல்லப்படும்போது, அவன் உடலை நாபோத்தின் வயல்நிலத்தில் எறிந்துவிடச் சொல்லுகிறான் யெகூ. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வேதம் அந்த நிலத்தை ‘நாபோத்தின் நிலம்’ என்றே எழுதுகிறது. வருவாய்ப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ நமக்குத் தெரியாது!

யோராம் தகப்பனுடைய பாவத்துக்காக மட்டும் அழிந்த அப்பாவி அல்லன். அவனும் பொல்லாப்பானதையே செய்தான் என்று வேதமே சாட்சி சொல்லுகிறது. அவன் அரியணையோடு சேர்த்து, அந்த அநியாயத்தின் பலனையும் அனுபவித்துக்கொண்டிருந்தான். பாவம் அடுத்த தலைமுறைக்குப் போகும் வழி ஒன்று உண்டென்றால் அது இதுதான்: பறித்த பொருளைத் தகப்பன் திருப்பிக் கொடுக்காமல், மகன் கையில் சொத்தாக விட்டுப்போவது. அது மகனுக்கு விபத்தாக வருவதில்லை. அக்கா பிள்ளைகள் தொடுக்கும் வழக்காக வரலாம், அத்தை வீட்டாரின் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கமாக வரலாம். அதைத் தடுக்கும் அதிகாரம் இன்று முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

மன்னிப்பும் ஈடும்

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று எபேசியர் 2-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. சென்ட் கணக்கில் நிலம் கொடுத்துத் தேவனுடைய மன்னிப்பை வாங்க முடியாது. ஆனால் அந்த வசனங்களுக்கு அடுத்த வசனமே, நற்கிரியைகளைச் செய்கிறதற்காக நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று தொடர்கிறது. பாவங்கள் சமுத்திரத்தின் ஆழத்தில் போடப்பட்டதாக மீகா தீர்க்கதரிசி சொன்னார். உங்கள் அக்காவின் 100 சென்ட் நிலம் சமுத்திரத்தில் போடப்படவில்லை. அது உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதில் தினமும் பால்வெட்டு நடக்கிறது. திருடிய ஒருவன் மனம் வருந்திய பின்னும் திருடிய பொருளை வைத்துக்கொண்டிருந்தால், அவன் பழைய பாவத்துக்காக வருந்துகிறான் என்பதைவிட, அதை இன்றும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறான் என்பதே சரியாக இருக்கும்.

உங்கள் மைத்துனர் சொல்வதிலும் பாதி சரி. கத்தோலிக்கத் திருச்சபை, ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் பாவம் செய்தவரின் பங்காகச் சொல்லுகிறது. 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் இதை வரையறுத்தது. குருவின் பாவமன்னிப்பு பாவத்தை அகற்றினாலும் பாவம் விளைவித்த சீர்கேடுகள் எல்லாவற்றையும் அது சரிசெய்துவிடுவதில்லை என்றும், திருடியதைத் திருப்பிக் கொடுப்பது போன்றவற்றைச் செய்தே ஆக வேண்டும் என்றும் இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அவர் கவனிக்கத் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. குரு விதிக்கும் சில ஜெபங்களை முடித்துவிட்டால் பரிகாரம் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பிறர் பொருள் கையில் இருக்கும்வரை அது முடிவதில்லை.

சீர்திருத்தச் சபைகளும் இதில் வேறு வழியில் போகவில்லை. 1517-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. தண்டனைக் குறைப்புக்காகப் பணம் வாங்கிய பழக்கத்தை எதிர்த்துத்தான் அவர் எழுதினார். சாபம் முறிக்க 10 சென்ட் கேட்பது அந்தப் பழைய வியாபாரத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை நீங்களே பாருங்கள். இவர்கள் எல்லோருக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், பறித்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனுடைய மனந்திரும்புதல் வெறும் பாவனை என்று அகுஸ்தீன் எழுதினார். அவர் ‘முடிந்தும்’ என்று நிபந்தனை வைத்ததைக் கவனியுங்கள். சிலுவையில் தொங்கிய கள்வனிடம் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. அவனிடம் அது கேட்கப்படவும் இல்லை. உங்களிடம் 160 சென்ட் இருக்கிறது.

இரு தரப்பாரும், வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டில் சந்திக்கலாம். அவன் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொல்வதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததற்கு அது விலையாகவில்லை. ஆனால் அவர் வந்த வீட்டில் கணக்கு பழையபடி நிற்கவும் இல்லை.

சபைக்குக் கொடுத்தால் ஈடாகுமா

ஆகாது. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை வாசித்தால் போதும். அயலானை வஞ்சித்து எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, அதற்கு உரியவனிடம் கொடுக்க வேண்டும்; பலி அதன்பிறகுதான். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம், ஈடு பெற உரியவனும் அவனுடைய உறவினனும் இல்லாதபோது மட்டுமே அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும் என்கிறது. உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறார், பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று சொல்லித் தேவனுக்கு நேர்ந்துவிட்டதாகக் காட்டியவர்களை இயேசு கடிந்துகொண்டதையும் மறக்க வேண்டாம். சட்டமும் இதையே சொல்லுகிறது: தமக்கு இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு மாற்றித் தர முடியாது. பாகம் பிரிக்காத நிலத்தில் 10 சென்ட்டை நீங்கள் எழுதிக் கொடுத்தால், அதில் பாதி அக்காவின் காணிக்கையாகிவிடும், அவரைக் கேட்காமலே.

‘அந்தக் காலச் சட்டம்’ என்ற ஆறுதல்

உங்கள் கடிதத்தில் இந்த ஒரு வரி மட்டும்தான் எனக்குச் சற்றுக் கோபம் வரவழைத்தது. ஆனாலும், அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த பகுதி. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒரு பங்கின் மதிப்பு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது ஸ்ரீதனமாகச் சேரும். அது கொடுக்கப்பட்டிருந்தால், அல்லது கொடுப்பதாகச் சொல்லப்பட்டிருந்தால்கூட, வேறு பங்கு கிடையாது. இந்தச் சட்டம் நம் மாவட்டத்தில் இன்னும் நடப்பில் உள்ளதா என்பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே 1970-களில் ஒன்றுக்கொன்று மாறான தீர்ப்புகள் வந்தன. ஆகவே 1985-இல் உங்கள் அக்காவின் திருமணத்தின்போது உங்கள் தந்தை அப்படி நம்பியிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டிவிட்டது. 1951 ஏப்ரல் 1 முதலே பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று அது தீர்ப்பளித்தது. அந்தச் சட்டப்படி, மனைவி உயிரோடு இல்லாதபோது, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து மகன், மகள் என்ற வேறுபாடில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். அதன் 49-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: தகப்பன் தம் வாழ்நாளில் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக்கூடாது. ஆகவே ‘உனக்குத்தான் ஸ்ரீதனம் தந்தாயிற்றே’ என்ற வாதத்துக்கு 1993-இல் இடமே இருக்கவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருப்பதாக அன்று நீங்கள் உண்மையாகவே நம்பியிருந்தால் உயில் தயாரிக்க வேண்டிய தேவை என்ன? அந்தக் காகிதமே உங்கள் மனச்சாட்சிக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி.

இன்று அக்கா வழக்குத் தொடுத்தால், 12 ஆண்டுகளுக்கு மேல் அவர் அறிய நீங்கள் தனித்து அனுபவித்ததைக் காட்டிக் காலவரம்பு கடந்துவிட்டது என்று வாதாட உங்களுக்கு ஒருவேளை இடம் இருக்கலாம்; மோசடி தெரியவந்த நாளிலிருந்துதான் காலம் எண்ண வேண்டும் என்று அவர் பக்கமும் வாதாடலாம். அந்த வழக்கில் நீங்கள் வென்றாலும் எனக்கு வியப்பில்லை. அப்படி வென்ற பிறகு நற்கருணைக்கு எப்படிப் போவீர்கள் என்பதைத்தான் நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் முழுவதும் கேட்கிறது.

சிறை பற்றி

இங்கே உங்களுக்குப் பொய்யான ஆறுதல் தரமாட்டேன். போலி உயில் தயாரிப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 467-ஆம் பிரிவின்கீழ் ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம். அதை உண்மைபோல் பயன்படுத்துவது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்திருந்தாலும், அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். மூன்றாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்குக் காலவரம்பும் கிடையாது. இது தரப்பினர் தாங்களே சமரசம் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமும் அன்று. ஆனால் குடும்பத்துக்குள் நடந்த சொத்துத் தகராறுகளில், பாதிக்கப்பட்டவருக்கு உரியது கிடைத்து அவர் மனமொப்பி வந்தால், வழக்கை ரத்துசெய்யும் உள்ளார்ந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. நம் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை. நடைமுறையில், பங்கைத் தாமே முன்வந்து கொடுக்கும் தம்பியின்மேல் புகார் கொடுக்கும் அக்காக்கள் குறைவு. ஆனால் புகார் கொடுக்க மாட்டார் என்று நம்பிச் சொல்வது மனந்திரும்புதல் ஆகாது. கொடுத்தாலும் சொல்வேன் என்ற இடத்துக்கு நீங்கள் வந்து சேர வேண்டும். இயேசு என் தண்டனையைச் சுமந்துவிட்டார் என்ற விசுவாசம், அரசாங்கத்தின் தண்டனையிலிருந்து யாரையும் விடுவிப்பதில்லை.

அதே நேரத்தில் கவனமில்லாமல் எதையும் செய்ய வேண்டாம். போதகரிடமோ கூட்டத்திலோ நீங்கள் சொன்னதற்கு, வழக்கறிஞரிடம் சொல்வதற்கு உள்ள பாதுகாப்பை நம் சாட்சியச் சட்டம் தனியே தரவில்லை. இனிப் பொதுமேடையில் சாட்சி சொல்லாதீர்கள். உங்கள் அக்காவுக்குத் தெரிவதற்கு முன் ஊருக்குத் தெரிவது அவருக்குச் செய்யும் இரண்டாவது அவமதிப்பு. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள். நடந்துமுடிந்த குற்றத்தைப் பற்றி நீங்கள் ஆலோசனைக்காகச் சொன்னதை அவர் வெளியிட முடியாது. சாட்சிகளில் இன்னொருவர் உயிரோடு இருக்கிறார் என்றால், அவருக்கும் இதில் ஆபத்து உண்டு என்பதையும் வழக்கறிஞரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் முறை

100 சென்ட் உங்கள் அக்காவுடையது. 2006-இல் வாங்கியவருடைய 40 சென்ட்டைத் தொட வேண்டாம். அதை உங்கள் பங்கில் கழித்துக்கொண்டால், மீதியுள்ள 160-இல் அவருக்கு 100 கொடுத்து, வீட்டோடு 60 உங்களுக்கு நிற்கும். எந்தப் பக்கத்து 100 சென்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அவருக்கே கொடுங்கள். சாலைப் பக்கத்தை நீங்கள் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கத்தை அவருக்கு ஒதுக்கினால் அது பழைய உயிலின் தொடர்ச்சியாகவே இருக்கும். இத்தனை ஆண்டு வருமானத்துக்கு என்ன ஈடு என்று கேட்டால், நீதிமன்றம் பொதுவாகக் கடைசி மூன்றாண்டுக்கு மேல் போகாது. லேவியராகமத்தின் ஐந்தில் ஒரு பங்கை ஒரு வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மகனின் சிகிச்சைக் கடனும் செயற்கைக் காலின் செலவும் உங்கள்மேல் இருப்பதால், அதைச் சில ஆண்டுகளில் ரப்பர் வருமானத்திலிருந்து தவணையாகக் கொடுக்க முன்வருவதில் தவறில்லை. மகனுடைய உரிமை போகிறதே என்ற தயக்கமும் வேண்டாம். நம் சட்டத்தில் கிறிஸ்தவப் பிள்ளைக்குப் பிறப்பினால் தகப்பன் சொத்தில் உரிமை வருவதில்லை; ஆகவே அவன் கையெழுத்து தேவையில்லை. ஆனாலும் அவனிடமும் உங்கள் மனைவியிடமும் முதலில் சொல்லுங்கள், அனுமதி கேட்பதற்காக அல்ல, அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து கேட்கக்கூடாது என்பதற்காக.

பத்திரம் விற்பனையாக இருக்கக்கூடாது. இருவரும் தந்தையின் வாரிசுகள் என்ற அடிப்படையில், உயிலை ஆதாரமாகக் கொள்ளாமல், பாகப் பத்திரமோ செட்டில்மென்ட் பத்திரமோ எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எது உங்களுக்கு ஏற்றது என்பதை முத்திரைத் தீர்வைக் கணக்கையும் பார்த்து வழக்கறிஞர் முடிவு செய்வார். அக்கா கேரளத்தில் குடியிருப்பது இதற்குத் தடையில்லை. அவர் இந்த ஊருக்கு வர விரும்பாவிட்டால் அதிகாரப் பத்திரம் கொடுத்து ஒருவரை அனுப்பலாம். ‘புகார் கொடுக்கமாட்டேன் என்று எழுதித் தா, பங்கு எழுதித் தருகிறேன்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குற்ற வழக்கை அடக்குவதற்கான உடன்படிக்கை ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி செல்லாது. அவருடைய சொந்த நிலத்தையே அவருக்கு விலை பேசுவதும் ஆகும்.

அவரிடம் போகும்போது வசனங்களை எடுத்துச் செல்ல வேண்டாம். ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்ன கட்டளை அவருக்கும் அவருடைய தேவனுக்கும் இடையில் உள்ளது; தவறு செய்தவர் அதை வாசித்துக் காட்டுவது அழகல்ல. ‘தேவன் என்னை மன்னித்துவிட்டார்’ என்றும் தொடங்காதீர்கள். முப்பது ஆண்டுக்கு மேலாகக் காத்திருந்தவர் அதைக் கேட்டால், தம்மை விட்டுவிட்டு வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைப்பார். மகனுடைய காலைப் பற்றியும் அந்த முதல் நாளில் பேசாதீர்கள். அவருடைய இரக்கத்தை உங்களுக்கு ஆதரவான சாட்சியாக நிறுத்துவது நியாயமல்ல. நடந்ததைச் சொல்லுங்கள், அந்தக் கையெழுத்து அப்பாவுடையது அல்ல என்று சொல்லுங்கள், பங்கைத் தருகிறேன் என்று சொல்லுங்கள். அவர் கதவை அடைத்தாலும், மன்னிக்கமாட்டேன் என்றாலும், பத்திரம் பதிவாக வேண்டும். மன்னிப்பு பங்கின் நிபந்தனை அன்று. அவர் நிலமே வேண்டாம் என்றால், அன்றே உங்கள் பெயரில் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடாதீர்கள். சில மாதங்கள் பொறுத்து, அவருடைய பிள்ளைகளும் அறிய, மறுபடியும் கேளுங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கும்போது தந்தையின் இறப்புச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, வரி ரசீது, 2006-ஆம் ஆண்டு விற்பனைப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அந்த உயிலின் அசல் உங்களிடம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். பிரசங்கியார் சொன்னபடி அதை எரித்தால் சாபம் ஒன்றும் முறியாது. சான்றை அழித்ததாகப் புதிய குற்றம் ஒன்று சேரும், அவ்வளவுதான்.